வயிற்றைக் கேட்கிறவள்

ஒரு வயிற்றைப் பார்க்க ரத்னாவுக்கு எட்டு நிமிடம் ஆகும். தி.நகரில் தெருவுக்குள் தெருவாக ஒளிந்திருக்கும் அந்த முப்பது படுக்கை நர்சிங்ஹோமில் மற்ற நர்சுகளுக்கு ஒன்றரை நிமிடம் போதும். ஸ்டெதஸ்கோப்பை வயிற்றில் ஒற்றி எடுத்து, "கேஸ் போச்சா சார்?" என்று கேட்டு, சார்ட்டில் டிக் போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்கள். ரத்னாவுக்குப் பின்னால் வேலை தேங்கும். அதனால் அவளுக்கு 'வயித்து ரத்னா' என்று பெயரே வைத்துவிட்டார்கள். வைத்தால் வைத்துக்கொள்ளட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

அவள் கணக்கில் வயிற்றைப் பார்ப்பதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் கண், பிறகு காது, கடைசியில்தான் கை. மார்பைப் பார்க்கும்போது தொட்டுவிட்டுக் கேட்டாலும் பெரிய மோசமில்லை. வயிறு அப்படி இல்லை. அழுத்திவிட்டுக் கேட்டால் குடல் அசைந்து கொடுத்துவிடும், கேட்பது நிஜமா என்று சொல்ல முடியாது. கதவைத் தட்டிவிட்டு அப்புறம் காது வைத்தால் உள்ளே தூங்குகிறவனும் எழுந்து உட்கார்ந்திருப்பான், அவ்வளவுதான் விஷயம். சத்தமே இல்லை என்று எழுதுவதற்கு முன்னால் முழுசாக ஐந்து நிமிடம் கேட்டாக வேண்டும். படிப்பில் எல்லோருக்கும் இதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். எல்லோரும் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கினார்கள். வாங்கின மார்க்கோடு அதை விட்டுவிடாதவள் ரத்னா ஒருத்திதான்.

வயிற்றுச் சமாசாரம் அவளுக்குப் படிப்பில் வந்தது பாதி, பிறந்த இடத்தில் வந்தது பாதி. சைதாப்பேட்டைக்குக் கீழே அடையாற்றங்கரையில் வளர்ந்தவள். அறுபது குடும்பத்துக்கு நாலு கதவு போட்ட பொதுக் கழிப்பிடம், அதில் இரண்டு கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. விடிவதற்குள் பெண்கள் பக்கெட்டோடு வரிசையில் நிற்பார்கள். யாருக்கு மூன்று நாளாகப் போகவில்லை, யாருக்கு நிற்காமல் போகிறது, எந்தக் குழந்தைக்குப் பூச்சி விழுந்தது என்பதெல்லாம் அந்த வரிசையில் பேசித் தீரும். ஒளிக்க இடமில்லாத இடத்தில் வெட்கத்துக்கு என்ன வேலை. பெருவெள்ளம் வந்த வருஷத்துக்குப் பிறகு அவர்களைப் பெரும்பாக்கத்தில் அடுக்குமாடிக்கு ஏற்றினார்கள். ஏழாவது மாடி. "கக்கூஸ் வூட்டுக்குள்ள வந்துச்சு, கூடவே வெக்கமும் வந்து ஒட்டிக்கிச்சு" என்பாள் ரத்னாவின் அம்மா அம்மாசி. ரத்னாவிடம் மட்டும் அது கடைசிவரை ஒட்டவில்லை.

ஒட்டாததால் ஒரு மெமோவும் வாங்கியிருந்தாள். குடல்வால் ஆபரேஷன் ஆகிப் படுத்திருந்த ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவரிடம், அவருடைய மகளும் பேத்தியும் இருக்கும்போது, கீழே காற்றுப் பிரிந்ததா என்பதைப் பச்சையாகக் கேட்டுவிட்டாள். அவர் முகம் சுளித்தார், மகள் புகார் எழுதினாள். நர்சிங் சூப்பிரண்டண்டு வைதேகி, மயிலாப்பூரில் நாலு தலைமுறையாக இருக்கிறவர், அவளை அறைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பாடம் நடத்தினார். கேஸ் போறதா என்று கேட்கலாம், காத்துப் பிரியறதா என்று கேட்கலாம், அந்த இன்னொரு வார்த்தை இந்தக் கட்டிடத்துக்குள் வரவே கூடாது. "இன்னொரு தரம் வந்தா என்னால காப்பாத்த முடியாதுடி" என்றும் சொன்னார். ரத்னாவின் சம்பளத்தில்தான் பெரும்பாக்கத்து வீட்டில் உலை கொதிக்கிறது. அன்றிலிருந்து அவளும் எல்லோரையும்போல "கேஸ் போச்சா" என்று கேட்க ஆரம்பித்தாள். நாக்கு கேட்டதே தவிர மனசு ஒப்பவில்லை.

ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சுயம்புலிங்கத்தைக் கொண்டுவந்தார்கள். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து ரங்கநாதன் தெருவில் ஜவுளிக்கடை போட்டு முப்பத்தைந்து வருஷம் ஆனவர், அறுபத்திரண்டு வயது. தொப்புளில் இறங்கியிருந்த குடல் உள்ளே திரும்பாமல் மாட்டிக்கொண்டது. டாக்டர் கருணாகரன் அன்றைக்கே திறந்து, குடலை உள்ளே தள்ளித் தைத்தார். சனிக்கிழமை ரத்னா அவர் வயிற்றைப் பார்த்தாள். இன்ச் டேப்பால் சுற்றளவு எடுத்தாள், தொண்ணூற்றேழு. அடுத்த முறையும் டேப் அதே இடத்தில் விழ வேண்டும் என்று இடுப்பின் இரண்டு பக்கமும் பேனாவால் கோடு போட்டாள். "என்னம்மா, ஜாக்கெட்டுக்கு அளவா?" என்று சுயம்புலிங்கம் சிரித்தார். நல்ல மனுஷன். வலியிலும் ஒரு வார்த்தை கடுகடுத்துப் பேசாதவர். அதுவே பிற்பாடு தொந்தரவாகிவிட்டது.

ஞாயிறும் திங்களும் ரத்னா லீவு. அக்கா குழந்தைக்குக் காது குத்து. செவ்வாய்க்கிழமை காலை திரும்பி வந்து சார்ட்டை எடுத்துப் பார்த்தால் எல்லாம் சுபமாக இருந்தது. திங்கட்கிழமை மூன்று ஷிஃப்டிலும் கேஸ் போனதாக டிக். முதல் டிக்குக்குப் பக்கத்தில் வைதேகியின் கையெழுத்து, அன்று ஒரு நர்சு வராததால் அவரே வார்டு பார்த்திருக்கிறார். அந்த டிக் இருந்தால் குடல் வேலை செய்கிறது என்று கணக்கு. அதை நம்பி டாக்டர் கருணாகரன் போனிலேயே உத்தரவு கொடுத்துவிட்டார்: காலையில் இட்லி கொடுக்கலாம், சாயங்காலம் வீட்டுக்குப் போகலாம். சுற்றளவு எழுதும் கட்டம் மட்டும் இரண்டு நாளாகக் காலியாக இருந்தது.

அறைக்குள் போனபோது டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. மருமகன் ஆனந்தகுமார் ஜன்னலோரம் நின்று ஆடித் தள்ளுபடிக்கு எந்தச் சரக்கை முன்னால் வைப்பது என்று போனில் பேசிக்கொண்டிருந்தான். சுயம்புலிங்கத்தின் மனைவி ஜெயபாரதி டிஃபன் பாக்ஸைத் திறந்து இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தார். சுயம்புலிங்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், நெற்றியில் வேர்வை. ஏசி ஓடுகிற அறையில் என்ன வேர்வை என்று ரத்னா பார்த்தாள். கண் கீழே இறங்கியது. சட்டை பொத்தானுக்கு இடையில் வயிறு பிதுங்கியிருந்தது.

"அம்மா, அந்த பாக்ஸ கொஞ்சம் மூடுங்க. நான் பாத்துட்டு சொல்றேன்" என்றாள்.

டாக்டரே சாப்பிடச் சொல்லியாயிற்றே என்று ஆனந்தகுமார் போனைக் காதிலிருந்து எடுக்காமலே சொன்னான். ரத்னா ரிமோட்டை எடுத்து டி.வி.யை அணைத்தாள். சட்டையை விலக்கி டேப்பைக் கோட்டின்மேல் வைத்துச் சுற்றினாள். நூற்று மூன்று. இன்னொரு தரம் சுற்றினாள், அதே நூற்று மூன்று. மூன்று நாளில் ஆறு சென்டிமீட்டர். கஞ்சித் தண்ணீர் குடித்தவருக்குத் தொப்பையா போடும்?

அவள் ஸ்டெதஸ்கோப்பை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி வயிற்றில் வைத்தாள். ஐந்து நிமிடம் யாரும் பேசக் கூடாது என்று கேட்டுக்கொண்டாள். ஒரு நிமிடம் ஒன்றுமே இல்லை. இன்னும் அரை நிமிடம். ஆனந்தகுமாரின் போன் அடித்தது. ரத்னா காதிலிருந்து எதையும் எடுக்காமல் அவனை ஒரு பார்வை பார்த்தாள், அவன் போனை அமுக்கிவிட்டான். அப்போது வந்தது. நல்ல குடலின் கடமுடா இல்லை அது. தகரத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுகிற மாதிரி கூர்மையாக, அவசர அவசரமாக. அதே நொடியில் சுயம்புலிங்கத்தின் முகம் கோணிக்கொண்டது. சத்தம் நின்றது, முகமும் சரியாயிற்று. ரத்னா விடாமல் காத்திருந்தாள். மறுபடி சத்தம், மறுபடி முகம். பிறகுதான் விரலை வைத்துத் தட்டினாள். காலிப் பானை மாதிரி எதிரொலித்தது. மணிக்கட்டைப் பிடித்து நாடியையும் எண்ணினாள்.

அடைத்துக்கொண்ட குடலைத்தான் அவள் கேட்டிருக்கிறாள். வழி கிடைக்காமல் குடல் முட்டி மோதுகிற சத்தம். ஆனால் அடைத்த குடலிலிருந்து காற்று எப்படிப் போகும்? சார்ட்டில் மூன்று டிக் இருக்கிறதே. இந்த இரண்டில் ஒன்று பொய்யாக இருக்க வேண்டும். தன் காது பொய்யில்லை என்று ரத்னாவுக்குத் தெரியும்.

கேஸ் போகிறதா என்று மரியாதையாகக் கேட்டாள். "போவுதும்மா, நல்லா போவுது. நேத்திலேருந்து நிக்காமப் போவுது" என்றார் சுயம்புலிங்கம். சொல்லி முடிப்பதற்குள் நெஞ்சிலிருந்து ஒரு பெரிய ஏப்பம் எழுந்து வந்தது. வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார். பார்த்தியா என்பதுபோலத் தலையையும் ஆட்டினார்.

ரத்னாவுக்கு இப்போது புரிந்தது. மூன்று ஷிஃப்டும் அவரிடம் கேஸ் போகிறதா என்று கேட்டிருக்கிறார்கள். அவரும் போகிறது என்று உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறார். எந்த வழியாக என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கேட்டவர்களுக்கும் நாகரிகம், சொன்னவருக்கும் நாகரிகம். நடுவில் ஒரு குடல் அடைத்துக்கொண்டு கிடக்கிறது.

பின்பக்கமாகப் போகிறதா என்று கேட்டாள். அவர் மருமகனைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், "அதெல்லாம் ஒண்ணும் கொறையில்லம்மா" என்று மழுப்பினார். வெளியே கொஞ்ச நேரம் இருங்கள் என்று ஆனந்தகுமாரிடம் சொன்னாள். எங்க மாமாவைப் பற்றி எனக்குத் தெரியாமல் இங்கே ஒன்றும் நடக்க வேண்டாம் என்று அவன் அசையாமல் நின்றான். அந்த நேரம் பார்த்து டிஸ்சார்ஜ் காகிதத்தோடு வைதேகி உள்ளே வந்தார். ஜெயபாரதியின் கை மறுபடி டிஃபன் பாக்ஸுக்குப் போனது.

மெமோ ஞாபகம் வராமல் இல்லை. வேலை போனால் என்ன ஆகும் என்பதும் தெரியும். ஆனால் இந்த மனுஷன் இட்லியைத் தின்றுவிட்டு, இந்த வயிற்றோடு காரில் ஏறிப் போய்விடுவார். போனால் திரும்பி வரமாட்டார். ரத்னா கட்டிலுக்கு முன்னால் குனிந்து அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். ஆற்றங்கரையில் அவள் அப்பாவிடம் பேசியிருந்தால் எப்படிப் பேசுவாளோ அப்படியே வாயில் வந்தது.

"நைனா, என்ன பாரு. குசு வுட்டியா? ஆபரேசன் ஆன நாள்லேருந்து ஒரு தபாவாவது வுட்டியா, இல்லியா?"

சுயம்புலிங்கத்தின் காது மடல் சிவந்தது. கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, "இல்லம்மா. நாலு நாளா ஒரு தரங்கூட இல்ல" என்றார்.

ஆனந்தகுமார் வெடித்தான். ரங்கநாதன் தெருவில் நாலு பேர் எழுந்து நிற்கிற மனுஷரை ஒரு நர்சு நீ, வா, போ என்று பேசுவதா, அதுவும் இந்த மாதிரி ஒரு கேள்வியா, இது ஆஸ்பத்திரியா என்னவென்று குரல் வராந்தாவரை போனது. ரத்னா அவன் பேசட்டும் என்று விட்டுவிட்டு, டிஃபன் பாக்ஸை ஜெயபாரதியின் மடியிலிருந்து எடுத்து மூடி மேஜைமேல் வைத்தாள். தண்ணீர்கூட ஒரு சொட்டு உள்ளே போகக் கூடாது என்றாள். பிறகு வராந்தாவுக்குப் போய், டியூட்டி டாக்டரைத் தேடிக்கொண்டிருக்காமல், நேராக டாக்டர் கருணாகரனுக்கே போன் போட்டாள். நர்சு நேரே பெரிய டாக்டரைக் கூப்பிடக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம்.

அவர் கிண்டியில் வேறொரு ஆஸ்பத்திரியில் இருந்தார். நோய்க்குப் பேர் வைப்பது டாக்டர் வேலை என்று ரத்னா அடைப்பு என்ற சொல்லையே சொல்லவில்லை. தொண்ணூற்றேழு நூற்று மூன்றானதைச் சொன்னாள். ஒன்றரை நிமிட அமைதியையும், தகரச் சத்தத்தையும், அதோடு சேர்ந்து வரும் வலியையும் சொன்னாள். நாடித்துடிப்பு நூற்றுப் பதினாறு என்றாள். கேஸ் போனதாக எழுதியிருக்கிறதே, யார் எழுதினது என்று அவர் எரிச்சலோடு கேட்டார். பக்கத்தில் வைதேகி வந்து நின்றிருந்தார்.

"நாங்கதான் சார் எழுதினோம். அது ஏப்பம்" என்றாள் ரத்னா.

உடனே மூக்கு வழியாகக் குழாய் போடு, எக்ஸ்ரே எடு, நான் கிளம்பிவிட்டேன் என்றார். ரத்னா குழாயை இறக்கிய பத்து நிமிடத்தில் பச்சைப் பசேலென்று பித்தநீர் ஒன்றேகால் லிட்டர் பையில் இறங்கியது. அதைப் பார்த்ததும் ஆனந்தகுமாரின் சத்தம் அடங்கிவிட்டது. மத்தியானம் இரண்டு மணிக்கெல்லாம் மறுபடி வயிற்றைத் திறந்தார்கள். முதல் ஆபரேஷனுக்குப் பிறகு உள்ளே புதிதாக விழுந்த சதை ஒட்டு ஒன்று கயிறுபோலக் குடலின் ஒரு வளையத்தை இறுக்கியிருந்தது. குடல் கறுத்துப்போகவில்லை, கருநீலத்துக்கு வந்திருந்தது. ஒட்டை வெட்டி, வெந்நீர்த் துணி போர்த்திக் காத்திருந்தபோது சிவப்பு திரும்பியது என்று டாக்டர் வெளியே வந்து ஜெயபாரதியிடம் சொன்னார். ரத்னா அப்போது அடுத்த அறையில் வேறொருவர் வயிற்றில் காது வைத்திருந்தாள். சேதி காதில் விழுந்ததும் எழுந்து பாத்ரூமுக்குப் போய்க் கொஞ்சம் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

உயிர் தப்பினாலும் புகார் தப்பவில்லை. அன்று காலையிலேயே கோபத்தில் ஆனந்தகுமார் வரவேற்பில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான், நிர்வாகத்துக்கும் போய்விட்டது. வெள்ளிக்கிழமை வைதேகி அவளை அறைக்குக் கூப்பிட்டார். மேஜையில் டைப் அடித்த காகிதம் ஒன்று இருந்தது. நோயாளியிடம் தகாத சொல்லைப் பயன்படுத்தியதற்கு வருந்துகிறேன், இனி இவ்வாறு நேராது என்று நிர்வாகமே அடித்து அனுப்பியது. கையெழுத்து மட்டும் போட்டால் போதும், விஷயம் இதோடு முடிந்துவிடும் என்றார் வைதேகி. அவர் குரலில் வழக்கமான அதிகாரம் இல்லை.

ரத்னா காகிதத்தைப் படித்துவிட்டுத் திருப்பி வைத்தாள். டாக்டருக்கு நேரே போன் போட்டதற்கு வேண்டுமானால் மன்னிப்பு எழுதித் தருகிறேன், கேட்டதற்குத் தரமாட்டேன் என்றாள். வேலை போய்விடும் என்று வைதேகி சொன்னார். போனால் போகட்டும் என்று சொல்லும்போது ரத்னாவுக்குப் பெரும்பாக்கத்து வீடு ஞாபகம் வந்தது. ஆனாலும் சொல்லிவிட்டாள்.

அந்த நேரத்தில் கதவைத் தட்டிக்கொண்டு ஜெயபாரதி வந்தார். மருமகன் எழுதிக் கொடுத்த புகாரைத் திருப்பி வாங்கிக்கொள்கிறோம் என்று சொல்ல வந்தவர், சொல்லிவிட்டும் போகாமல் நின்றார். சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்தார். உட்காருங்கள் என்றதற்கு உட்காரவும் இல்லை.

"எனக்குத் தெரியும்மா" என்றார் ரத்னாவைப் பார்த்து. "நாப்பது வருசமாப் பக்கத்துல படுக்குறவ, எனக்குத் தெரியாதா. ஆஸ்பத்திரிலயும் நாந்தான ராத்திரி கூடக் கெடந்தேன். ஒண்ணும் போகலன்னு தெரியும். நர்சு வந்து கேக்கையிலெல்லாம் அவுக போவுதுன்னு சொல்லுதாக, மாப்ள பக்கத்துல நிக்காரு. அவரு முன்னால அந்தப் பேச்ச எப்படி எடுக்கன்னு இருந்துட்டேன். தெரிஞ்சுக்கிட்டே இட்லிய வேற பிட்டுக் கையில வச்சிருந்தேன்."

ரத்னாவுக்கு அந்த அம்மாளைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. கோபம் உச்சந்தலைவரை வந்தது. ஒரு வார்த்தை, ஒரே வார்த்தை முதல் நாளே சொல்லியிருந்தால் குடல் கருநீலமாகிற அளவுக்குப் போயிருக்காது. ஆனால் எதிரில் நின்றவரின் கை இன்னும் தலைப்பை முறுக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்த பிறகு திட்டுவதற்கு வாய் வரவில்லை. எழுந்து போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "இனிமே என்னாண்ட சொல்லுங்க. எதுவா இருந்தாலும் என்னாண்ட வந்து சொல்லுங்க" என்றாள்.

ஜெயபாரதி போன பிறகு வைதேகி டைப் அடித்த காகிதத்தை மேஜை டிராயருக்குள் போட்டு, ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நீட்டினார். நடந்ததை உன் கையாலேயே விளக்கமாக எழுது, நிர்வாகத்துக்கு நான் அனுப்புகிறேன் என்றார்.

ரத்னா எழுதினாள். நேரத்தை எழுதினாள், அளவை எழுதினாள், கேட்ட சத்தத்தை எழுதினாள். 'கேஸ் என்று கேட்டபோது நோயாளி ஏப்பத்தைச் சொன்னார். ஆகவே அந்தச் சொல்லைச் சொல்லிக் கேட்டேன். உண்மை வந்தது. தேவைப்பட்டால் மறுபடியும் அப்படித்தான் கேட்பேன்' என்று முடித்துக் கையெழுத்துப் போட்டாள்.

வைதேகி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரிவரியாகப் படித்தார். ஒரு இடத்தில் விரல் நின்றது. தாளைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினார்.

"அந்தச் சொல்னா எந்தச் சொல்? படிக்கறவாளுக்கு எப்படிடி புரியும்?" என்றார். "திங்கட்கிழமை கார்த்தால நானும் இப்படித்தான் பூசி மெழுகிக் கேட்டேன். போறதுன்னார், டிக் போட்டுட்டு வந்துட்டேன். முதல் டிக் என்னோடது. உன் வாயால வந்துடுத்து, எழுத மட்டும் உனக்கும் கூசறதாக்கும். பட்டவர்த்தனமா எழுது."

ரத்னா அவர் முகத்தைப் பார்த்தாள். விளையாட்டில்லை. பேனாவை எடுத்து 'அந்தச் சொல்லை' என்பதை அடித்துவிட்டு, அதற்கு மேலே இரண்டு எழுத்தைத் தெளிவாக எழுதினாள். வைதேகி அடித்தல் இருந்த இடத்தில் தன் கையெழுத்தைப் போட்டு, தேதியும் போட்டு, தாளை உறைக்குள் வைத்து ஒட்டினார்.